புத்தகத்து வயது

எங்கள் தெருவில் என் தம்பிக்குப் பைலட் என்று பேர். அவன் ஓட்டியது அப்பாவின் சைக்கிளை மட்டும்தான். அதையும் ஒரு தடவை அல்சூர் ஏரிக்கரைச் சரிவில் விட்டு, முன்சக்கரத்தை எட்டாக வளைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன். இருந்தாலும் பைலட்தான். பால்காரரிலிருந்து அடுத்த வீட்டு அத்தை வரைக்கும் எல்லாருக்கும் அவன் பைலட், நான் டீச்சர். பெற்றவர்கள் எங்களுக்கு வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

பைலட் என்ற பேரை ஆரம்பித்து வைத்தவர் அப்பா. அவர் விமானத் தொழிற்சாலையில் ரிவிட் அடிக்கிறவர். இறக்கையின் தகடுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்திருக்கிற சின்னச் சின்ன ஆணிகளைத்தான் ரிவிட் என்பார்கள். பகலெல்லாம் அந்தச் சத்தத்தில் நின்று நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால்கூடச் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். தான் அடித்த ரிவிட் எல்லாம் ஆகாயத்துக்குப் போகிறது, தான் மட்டும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம் என்று அவருக்கு ஒரு குறை. தன்னால் முடியாததை மகன் செய்ய வேண்டும் என்பதில் எந்த அப்பாவுக்கும் சந்தேகமே வருவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. தம்பி, டிகிரிக்கு முந்தின பி.யூ.சி. பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தான். அப்பாவின் ஃபோர்மேன் யாரிடமோ சொல்லி, ஜக்கூர் விமான மைதானத்தில் அவனைப் பயிற்சி விமானத்தில் ஒரு சுற்றுக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். அப்பா லீவு போட்டார். நானும் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மா வரவில்லை. அவள் கன்டோன்மென்டில் ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள். அன்றைக்கு அங்கே விருந்து என்று காரணம் சொன்னாள். விருந்து இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டாள்.

நாங்கள் வேலி ஓரமாக நின்றோம். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். முன்னால் சொல்லிக்கொடுக்கிறவர், பின்னால் என் தம்பி. அது ஓடி, எழும்பி, யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே போய்ச் சாய்ந்து திரும்பியது. அப்பா அந்தப் பத்து நிமிஷமும் வாயைத் திறந்தபடியே அண்ணாந்து நின்றார். இறங்கி வந்த தம்பி சிரித்துக்கொண்டே வந்தான். முகம் வெளுத்திருந்தது. மேலே குளிர் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அப்பா அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்று சாயங்காலம் தெருமுனைக் கடையில் அப்பா தெருவுக்கே வாங்கிக் கொடுத்ததில் ஒரு ஜாடி ஆரஞ்சு மிட்டாய் தீர்ந்தது. பைலட் என்ற பேர் அன்றைக்குத்தான் நிலைத்தது.

அடுத்த வாரமே வீட்டில் சண்டை ஆரம்பித்தது. சண்டை எனக்கும் அப்பாவுக்கும். உடனே விமானப் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அப்பா கட்சி. முதலில் டிகிரி, பிறகு பயிற்சி என்பது என் கட்சி.

"ஏரோப்ளேனு இன்னா உன் டிகிரிய கேட்டுக்கினா மேல ஏறுது?" என்று அப்பா கத்தினார்.

"ஏறும்போது கேக்காதுப்பா. எறக்கி விட்டாங்கன்னா அப்ப கேப்பாங்க" என்றேன்.

நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். விமானம் ஓட்டுகிறவனுடைய பிழைப்பு டாக்டர் கையில் இருக்கிறது. வருஷம் தவறாமல் கண், காது, ரத்த அழுத்தம் என்று பார்க்கிறார்கள். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்று ஒருவர் எழுதிவிட்டால் மறுநாளிலிருந்து வேலை கிடையாது. முப்பத்தைந்து வயதில் ஒருவன் தரைக்கு வந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வான்? பி.எஸ்ஸி. என்று ஒன்று கையில் இருந்தால் எங்கேயாவது வாத்தியாராகவாவது போகலாம். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் சாவி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை நான் உதாரணம் காட்டினேன். அவர் ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவர், கண் போய் இப்படி ஆகிவிட்டார் என்று சொன்னேன். அவர் யுத்தத்தின்போது விமான தளத்தில் லாரி ஓட்டியவர் என்று எனக்குத் தெரியும். வாதம் என்று வந்துவிட்டால் எனக்கு நிதானம் இருக்காது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு டிகிரி மேல் ஆசை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு டீச்சர் ட்ரெயினிங் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் பி.ஏ. படித்த டீச்சர்கள் உட்காரும் பெஞ்சு வேறு, எங்கள் பெஞ்சு வேறு. எங்கள் குடும்பத்தில் ஒரு ஆளாவது கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அது நானாக இருக்க முடியாவிட்டால் அவனாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்பாவைக் குறை சொன்னேனே, நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அம்மா என் பக்கம் சேர்ந்தாள். அவளுடைய காரணம் வேறு. "படிச்சிக்கினு இருக்கற வரைக்கும் தரையில இருப்பான் இல்ல" என்றாள்.

கடைசியில் தம்பியைக் கேட்டோம். அதுவரை அவனை யாரும் கேட்கவில்லை. அவன் சுவரில் சாய்ந்து நின்றபடி, "அக்கா சொல்றதுதான் கரெக்ட்டு. டிகிரி முடிச்சிட்டே போறேன். மூணு வருஷம்தானே" என்றான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் பேச்சை மதிக்கிற தம்பி என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவன் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸில் சேர்ந்தான். நன்றாகவே படித்தான். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. மூன்றாம் வருஷம், தீபாவளி முடிந்த சமயம், பேப்பரில் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டு ஒரு அறிவிப்பு வந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஆள் எடுப்பார்கள், ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. அரசாங்க உதவித்தொகையோடு சில இடங்கள். எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு அந்த இடம் கிடைத்தால்தான் உண்டு, கைக்காசு போட்டு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதெல்லாம் நினைத்தும் பார்க்க முடியாது. தம்பிக்கு மார்ச்சில் பரீட்சை முடியும், ஜூலையில் சேரலாம் என்பது எங்கள் கணக்கு. ஃபாரம் எப்படி இருக்கும், என்னென்ன காகிதம் வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளலாம் என்று நான்தான் எழுதிப்போட்டு ஒன்று வரவழைத்தேன். தபாலில் வந்ததை அப்பாவிடம் காட்டவில்லை. ஜூலைக்கு எல்லாம் தயார் செய்து வைத்துக்கொண்டு அப்புறம் காட்டி அசத்தலாம் என்று இருந்தேன்.

ஃபாரத்தில் வயது வரம்பு போட்டிருந்தது. சேரும் நாளில் இருபது முடிந்திருக்கக் கூடாது. தம்பிக்கு ஆனி மாதம் வந்தால் பத்தொன்பது முடிகிறது, இருபது முடிய இன்னும் ஒரு முழு வருஷம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அத்தாட்சிக்காக ட்ரங்குப் பெட்டியிலிருந்து பள்ளிக்கூடம் முடித்தபோது கொடுத்த அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தில் பிறந்த தேதி இருந்தது. ஜூன் முதல் தேதி. வருஷம் ஒன்று முன்னால்.

இரண்டு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். புத்தகத்தின்படி வருகிற ஜூன் முதல் தேதி அவனுக்கு இருபது முடிந்துவிடுகிறது. ஜூலையில் சேர முடியாது. ஜனவரியில் சேரலாம். ஜனவரியில் சேர்ந்தால் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது காலேஜை விட வேண்டும்.

பெட்டி மூடியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். அந்த வருஷத்தை யார் எழுத வைத்தது என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

நாடு விடுதலையானதற்கு மறுவருஷம். எனக்குப் பதினோரு வயது. அப்பா ஷிஃப்டுக்குப் போய்விடுவார், அம்மா பங்களாவுக்குப் போய்விடுவாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனால் அதிகம். வகுப்பில் என்னைவிடச் சின்னதுகள் எல்லாம் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அழுகையாக வரும். அம்மாவிடம் கேட்டேன். "அடுத்த வருஷம் அவனையும் சேத்துடலாம், அப்பறம் நீ தெனம் போலாம்" என்றாள். அடுத்த வருஷம் வரைக்கும் நான் காத்திருக்கத் தயாராக இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அவனுக்கு முகம் கழுவி, எண்ணெய் வைத்துத் தலை சீவி, நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெரிய வாத்தியார் முன்னால் நிறுத்தினேன்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் வயதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று அர்த்தம். தம்பியின் கை உச்சந்தலையைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. வாத்தியார் தலையை ஆட்டினார். நான் குனிந்து அவன் காதுக்குள், "தலைய அந்தப் பக்கம் சாய்டா" என்றேன். சாய்த்தான். விரல் நுனி பட்டது.

"அஞ்சு ஆயிடுச்சா?" என்று அவர் கேட்டார்.

"ஆயிடுச்சி சார். ஆள்தான் குள்ளம்" என்றேன்.

பிறந்த தேதி கேட்டார். ஆனி மாசம் என்றேன். ஆனிக்கெல்லாம் இங்கிலீஷ் தேதி தேடிக்கொண்டிருக்க அவருக்கு ஏது நேரம்? ஜூன் ஒன்று என்று போட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். வருஷத்தை நான் சொன்ன ஐந்து வயதுக்குத் தகுந்தபடி ஒன்று முன்னால் தள்ளி எழுதினார். வேலை முடிந்தது. அன்றிலிருந்து நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். வீட்டில் அம்மா சந்தோஷப்பட்டாள், எப்படிச் சேர்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

பதினாலு வருஷம் கழித்து அது என் மடியில் வந்து விழுந்தது. அப்பா சொன்னபடி பி.யூ.சி. முடிந்ததும் அனுப்பியிருந்தால் இந்த ஒரு வருஷம் எந்த வழியிலும் குறுக்கே வந்திருக்காது. வயதைக் கூட்டிச் சொன்னவளும் நான்தான். டிகிரி டிகிரி என்று மூன்று வருஷத்தைத் தின்றவளும் நான்தான்.

மறுநாள் எங்கள் தலைமையாசிரியையிடம், யாரோ ஒரு தெரிந்த பையனுக்குக் கேட்பதுபோல, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் வயதைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். "முடியும்மா. பிறப்புப் பதிவு வேணும், கோர்ட்டுக்குப் போகணும், ரெண்டு வருஷம் ஆகும். பிறந்தது ஆஸ்பத்திரியிலயா?" என்றார். தம்பி பிறந்தது வீட்டில். மருத்துவச்சி வந்து பார்த்தாள். அப்பா அன்றைக்கு டபுள் ஷிஃப்ட். முனிசிபாலிட்டிக்குப் போய் எழுதிவைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இருந்தும் ஒரு சனிக்கிழமை அந்த ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பெரிய புத்தகத்தைப் புரட்டி, "இல்லம்மா, ஏனூ இல்லா" என்று பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் சொல்லி மூடிவிட்டார்.

ஜனவரி பயிற்சிக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசித் தேதி டிசம்பர் நடுவில். எனக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதம் நான் பட்டதை எழுதினால் சிரிப்பீர்கள். காலையில் எழுந்ததும், இன்றைக்குத் தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கும். அவன் எதிரில் உட்கார்ந்து தோசையைப் பிய்க்கும்போது வார்த்தையை மென்று முழுங்கிவிடுவேன். சொன்னால் என்ன ஆகும்? காலேஜை விட்டுவிட்டு ஓடுவான். டிகிரி போச்சு. சொல்லாவிட்டால்? பரீட்சை எழுதி முடித்துவிட்டு ஜூலையில் போய் நிற்பான். நீ ஒரு மாதம் பெரியவன் என்று திருப்பி அனுப்புவார்கள். பைலட் வேலை போச்சு. எதைக் காப்பாற்றினாலும் இன்னொன்று என்னால் போகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து சிலேட்டைக் காட்டினால் அதைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ரைட் போட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தொழிற்சாலையின் சோதனை விமானங்கள் எங்கள் கூரைகளுக்கு மேலேதான் பறக்கும், அதனால் நாள் பூராவும் அடித்துக்கொண்டது. அம்மா என்னைப் பார்த்துவிட்டு, இவளுக்கு யாரோ கண்ணு போட்டுவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப்போட்டாள்.

இதற்கு நடுவில் என் கட்சியும் மாறிவிட்டது. டிகிரி இருக்கட்டும், அதை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், வயது திரும்பி வராது என்று எனக்குள்ளேயே அப்பா மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டேன். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. ஃபாரத்தை நானே பூர்த்தி செய்தேன். அவன் கையெழுத்து மட்டும் பாக்கி. மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து அவன் காலேஜ் வாசலில் போய் நின்றேன்.

என்னைப் பார்த்ததும் அவன் பயந்துபோய், "அம்மாவுக்கு இன்னாக்கா?" என்றான். ஒன்றும் இல்லை என்று சொல்லி எதிரே இருந்த ஹோட்டலுக்குக் கூட்டிப்போனேன். பை டூ காபி சொன்னான். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதி பாதியாக ஊற்றித் தருவது எங்கள் ஊர் வழக்கம். காபி வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாத்தியார், வயது, புத்தகம், ஜூன், ஜனவரி எல்லாம். கடைசியில் ஃபாரத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன். "என்ன திட்டணும்னா அப்பறம் திட்டுடா. மொதல்ல இதுல கையெழுத்துப் போடு. டிகிரி எங்க போவுது" என்றேன்.

அவன் ஃபாரத்தைத் தொடவில்லை. "எஸ்.எஸ்.எல்.சி. புக்குல இன்னா எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கா? அதுல கையெழுத்துப் போட்டவனே நான்தானே" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "தெரியுமா? எப்பத்துலேர்ந்து?"

"பி.யூ.சி. முடிச்சப்பவே. பயிற்சிக்கு வயசு இவ்ளோதான் இருக்கணும்னு அப்பவே கேட்டுக்கினேன். மூணு வருஷம் படிச்சா வயசு தாண்டிடும்னு தெரியும்."

"தெரிஞ்சுமாடா டிகிரிக்குப் போறேன்னு சொன்னே?"

காபி வந்தது. அவன் அதையும் தொடவில்லை. ஈரமான மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே பேசினான். "ஜக்கூர்ல மேல போனேன் இல்ல. தரைய விட்டதும் வயிறு எங்கயோ பூடுச்சி. அது பரவால்ல, எல்லாருக்கும் அப்படித்தான்னாங்க. திரும்பும்போது ஒரு எறக்கை கீழ போவுது, ஒண்ணு மேல வருது. நான் எறக்கையவே பாத்துக்கினு இருந்தேன். வரிசையா ரிவிட்டு. இதெல்லாம் எங்கப்பா அடிச்ச ரிவிட்டுன்னு நெனச்சுக்கிட்டா தைரியம் வரும்னு பாத்தேன். வரலக்கா. இதுல எது லூசா இருக்கும், எது லூசா இருக்கும்னு அதையேதான் தேடிக்கினு இருந்தேன். கீழ வர்ற வரைக்கும்."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"அப்பா கிட்டயா? நீ அடிச்ச ரிவிட்டப் பாத்து பயந்துட்டேன்னு சொல்லவா? அவரு கீழ எப்படி நின்னுக்கினு இருந்தாருன்னு நீயும்தானே பாத்தே." மேஜையில் போட்ட கோட்டை உள்ளங்கையால் அழித்தான். "நீ டிகிரி டிகிரின்னு சண்ட போட்டே. எனக்கு அது சௌகரியமா இருந்திச்சி."

சௌகரியம். மூன்று வருஷமாக என் பேச்சை மதித்தவன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தது அதுதான். எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். அவன் வாழ்க்கையை நான் கெடுக்கவில்லை. அவனுக்கு வேண்டியது அவனுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பயப்படுகிற பையனைக் கழுத்தைப் பிடித்து விமானத்தில் ஏற்றவா முடியும்? ஃபாரத்தை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"அப்பா ஜூலையில கேப்பாரே" என்றேன்.

"வயசு தாண்டிடுச்சின்னு சொல்லிடலாம்."

"வயசு எப்படித் தாண்டிச்சின்னு கேப்பாரேடா."

அவன் காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். ஆறிப்போயிருந்தது. "அப்ப பாத்துக்கலாம்க்கா. நான் இருக்கேன் இல்ல" என்றான். அந்த வார்த்தையை நம்பிக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

ஜூலை வரைக்கும் போகவில்லை. மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஷேவ் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஃபோர்மேன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஜூலை பயிற்சிக்கான ஃபாரம். அவரே போய்ப் பேசி வாங்கி வந்திருந்தார். நான் ஜெயித்த சண்டையைப் பற்றி மூன்று வருஷமாக அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, "டிகிரி முடிஞ்ச மாதிரிதான். இனிமே யாரும் குறுக்க வரக்கூடாது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்த எஸ்.எஸ்.எல்.சி. புக்க எடும்மா."

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அப்பா இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், ஆனால் எண் படிப்பார். தொழிற்சாலை டிராயிங்கில் அளவு பார்த்துப் பார்த்துப் பழகிய கண். பிறந்த வருஷத்தில் விரலை வைத்தார். ஃபாரத்தில் வயது போட்டிருந்த இடத்தை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

"ஸ்கூல்ல வருஷத்த தப்பா எழுதி வெச்சிருக்கான்" என்றார்.

"தப்பா எழுதலப்பா. நான்தான் அப்படிச் சொன்னேன்."

அவருக்குக் காதில் விழவில்லை. நான் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பதினோரு வயதில் செய்ததைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னேன். அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். தம்பி உள் அறையில் படித்துக்கொண்டிருந்தவன், ரெக்கார்ட் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்தான்.

அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மெதுவாகத்தான் பேசினார், அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "அன்னிக்கே அனுப்பிடலாம்னு சொன்னேன். டிகிரின்னே. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்னு விட்டேன்" என்றார். "ஃபேக்டரி ஷாப்புல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்ம்மா." ஃபாரத்தை நாலாக மடித்தார். மடித்துவிட்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் தம்பியைப் பார்த்தேன். இப்போது சொல்வான். மேலே போனபோது பயந்துவிட்டேன் அப்பா, எனக்கு அது வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அவன் சொன்னால் அப்பாவுக்கு வலிக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவனாகத்தான் சொல்ல வேண்டும், அதை நான் சொல்லக் கூடாது என்று அந்த நிமிஷம்வரை வைராக்கியமாக இருந்தேன்.

அப்பா தலையைத் தூக்கி, "உனக்கு இது தெரியுமாடா?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்க்கவில்லை. "இப்பத்தாம்ப்பா தெரியும்" என்றான்.

அவன் வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் கையிலிருந்த ஃபாரத்தை எடுத்துக் கீழே வைத்தான். தோளில் கை போட்டுக்கொண்டான். "வுடுப்பா. அக்காவ ஒண்ணும் சொல்லாத. அதுக்கு அப்ப பதினோரு வயசு, இன்னா தெரியும்?" என்றான். குரலில் அத்தனை கனிவு. கேட்கிறவர்களுக்கு, இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று தோன்றியிருக்கும். அம்மாவுக்குத் தோன்றியது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனை அறைந்திருக்க வேண்டும். வாயைத் திறந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அவர் அடித்த ரிவிட்டைப் பார்த்துத்தான் இவன் பயந்தான் என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். என்னிடம் வந்து, என் தலையில் கையை வைத்து, "போவட்டும் வுடு" என்றார். தம்பி கேட்டுக்கொண்டதற்காக அவர் என்னை மன்னித்துவிட்டார்.